கோல் குறைந்தால் தீர்ப்பும் குறையும்

போட்டியிற் கலந்தவரை நடுவர் அளக்கின்றனர். நடுவரை அளப்பவர் யார்? அவர்தம் கையிலுள்ள அளவுகோலே அவரை அளக்கும். கோல் குறையுடையதாயின் அதனால் அளக்கப்பெற்ற வெற்றியும் குறையுடையது, தோல்வியும் குறையுடையது. கைப்பேசி இல்லாமல் சந்தைக்கும் செல்லவியலாது, வங்கிக்கும் செல்லவியலாது என்றாகிவிட்ட இந்நாளில், செயலிப் போட்டிகளின் அளவுகோல் எதுவென்று கேட்பது தமிழரின் கடமையாகும்.

2020-ஆம் ஆண்டு சூன் 29 அன்று, சீனச் செயலிகள் ஐம்பத்தொன்பதை இந்திய அரசு தடை செய்தது. அடுத்த சில நாள்களில், சூலை 4 அன்று, தற்சார்பு இந்தியா என்னும் பெயரால் ஒரு செயலிப் போட்டி அறிவிக்கப்பட்டது. நடுவணரசின் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகமும் நிதி ஆயோக்கின் அடல் புத்தாக்க இயக்கமும் அதனை நடத்தின. முதற்பரிசு இருபது இலக்கம் உருபா. போட்டிக்கு வந்த விண்ணப்பங்கள் 6,940. அவற்றுள் 3,939 தனியாள்கள் விடுத்தவை. எஞ்சிய 3,001 நிறுவனங்களும் அமைப்புகளும் விடுத்தவை. ஆகத்துத் திங்களின் தொடக்கத்திலேயே தீர்ப்பு வெளிவந்தது. தேர்ந்தெடுக்கப்பெற்றவை 24. அஃதாவது, 6,916 விண்ணப்பங்கள் வெறுங்கையோடு திரும்பின.

போட்டியென்றால் தோல்வியும் உண்டு. அதனைக் குறைகூறுதல் முறையன்று. ஆயினும் தீர்ப்புக்குக் காத்திருக்கும் நாள்கள் எல்லார்க்கும் ஒன்றல்ல என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோகோ போன்ற நிறுவனத்தின் ஆக்கங்களும் அப்போட்டியில் வென்றன. தமிழ்நாட்டில் வளர்ந்து ஞாலமெங்கும் வணிகம் செய்யும் அந்நிறுவனத்தின் வெற்றி பாராட்டுக்குரியதே. ஆனால், அந்நிறுவனம் தோற்றிருந்தாலும் மறுநாட் காலையில் அதன் பணி வழக்கம்போல் நடந்திருக்கும். தனியொருவனின் நிலையோ வேறு. பகலெல்லாம் பிறரிடம் கூலிக்கு உழைத்து, இரவெல்லாம் கண்விழித்து நிரல் எழுதி, வழங்கிக்குரிய கட்டணத்தைத் தன் சம்பளத்திலிருந்து செலுத்தி ஆக்கியது அவனுடைய செயலி. நடுவர் வாய்திறக்கும்வரை அவன் அதனை வளர்ப்பதா, விடுவதா என்று அறியாமல் நிற்கின்றான். தீர்ப்புக்குப் பின்னும், தான் ஏன் தோற்றோம் என்று அறியாதவன் அடுத்த அடியை எங்கே வைப்பான்?

அப்போட்டிக்கென அறிவிக்கப்பட்ட அளவுகோல்கள் நான்கு: பயன்படுத்துதற்கு எளிமை, உறுதிப்பாடு, பாதுகாப்பு, பல்கிப் பெருகுந் தகைமை. நான்கும் வேண்டியனவே. ஆனால், மொழி அவற்றுள் ஒன்றாகத் தனித்து வைக்கப்படவில்லை. எளிமையென்பதில் மொழியும் அடங்கும் என்று சிலர் கூறலாம். எளிமை, எவருக்கு? இதுவே வினா.

சேலம், நாமக்கல் சமவெளியைக் காண்க. நாமக்கல்லிலிருந்து புறப்படும் சரக்குந்து ஓட்டுநர் இந்தியாவின் எல்லா எல்லைகளையும் தொட்டு மீள்கின்றார். சுங்கக் கட்டணமும் சரக்குச் சீட்டும் வண்டித் தகுதிச் சான்றும் இன்று அவர்தம் கைப்பேசிக்குள் உள்ளன. நள்ளிரவில், அயல் மாநிலத்துச் சோதனைச் சாவடியில், ஆங்கிலத்திலோ இந்தியிலோ தோன்றும் ஓர் எச்சரிக்கையைப் படிக்கவியலாமல் அவர் தடுமாறினால், அச்செயலி எளியதென்று நடுவர் இட்ட மதிப்பெண் அவருக்கு என்ன பயன் தரும்?

மரவள்ளி பயிரிடும் உழவரைக் காண்க. சவ்வரிசி ஆலைக்குக் கிழங்கு கொண்டு செல்லும் அவருக்கு விலை எடையால் மட்டும் அமைவதன்று. ‘பாயிண்ட்’ என்று ஆலைக்காரர் கூறும் மாவுச்சத்தின் அளவாலும் அமைகின்றது. ஒரு பாயிண்ட் குறைந்தால் அவர்தம் வருவாயும் குறையும். அக்கணக்கை அவரே சரிபார்த்துக்கொள்ள ஒரு செயலி வருமாயின், அது தமிழில், அவர் வாயில் வழங்கும் சொல்லில் இருத்தல் வேண்டும். கோழிப்பண்ணையில் தீவனமும் முட்டையும் கணக்கெழுதும் தொழிலாளிக்கும் இதுவே பொருந்தும். இவர்களுக்குப் புரியாத எளிமை, எளிமையன்று; படித்தவர்க்கு மட்டும் திறக்கும் கதவு அது.

மொழி ஒன்றே போதுமென்று கூறுதலும் பிழையாகும். அப்போட்டியில் தேர்ந்தெடுக்கப்பெற்றவற்றுள் ‘கூ’ என்பதும் ஒன்று. கன்னடத்தில் தொடங்கிப் பின்னர்ப் பல இந்திய மொழிகளுக்கும் பரவிய குறும்பதிவுச் செயலி அது. 2024-ஆம் ஆண்டு சூலையில் அது மூடப்பட்டது. தாய்மொழி இருந்தது, பரிசும் இருந்தது, தொடர்ந்து நடத்துதற்குரிய பொருள்வலிமை இல்லை. இதனால் பெறப்படுவது யாது? பரிசு ஒருநாள் விழா. செயலி நாள்தோறும் நீரூற்ற வேண்டிய பயிர். பரிசளித்துக் கைதட்டிவிட்டு அகலும் அரசு, நாற்று நட்டுவிட்டு வயலை மறந்த உழவனை ஒக்கும்.

தமிழரின் கணிப்பொறி வரலாறு இதனை முன்பே காட்டியுள்ளது. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980-களிலேயே முரசு அஞ்சலை உருவாக்கினார். 2005-ஆம் ஆண்டுப் பொங்கலன்று கைப்பேசிக்கான செல்லினம் சிங்கப்பூரில் வெளிவந்தது. தனியொருவரின் நெடுங்கால உழைப்பு பிறநாட்டு மண்ணிலிருந்து தமிழுக்கு வாய்த்தது. 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடோ விசைப்பலகைக்கு ஒரு பொது ஒழுங்கு வகுத்தது. அதன் வழியாகத் தமிழ்99 தமிழ்நாட்டரசின் ஏற்பையும் பெற்றது. தனியாளின் உழைப்பும் அரசின் ஏற்பும் கைகோத்தால் விளைவது இது.

சேலத்து மண்ணுக்கு இப்பாடம் புதிதன்று. 1944 முதல் 1956 வரை சேலம் நகராண்மைக் கல்லூரியில் தமிழ் கற்பித்த தேவநேயப் பாவாணர், சொற்களின் வேர் தேடும் பணியை எந்த நடுவரின் தீர்ப்புக்கும் காத்திராமல் செய்தார். அகரமுதலித் திட்டத்தை அரசு 1974-இல் தொடங்கியபோது அவருக்கு அகவை எழுபத்திரண்டு. 1981-இல் அவர் மறைந்தார். முதன் மடலம் 1985-இல் வெளிவந்தது. காலந்தாழ்ந்த ஏற்பின் விலை எத்தகையதென்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

தமிழ்நாட்டரசு 2013 முதல் முதலமைச்சர் கணினித் தமிழ் விருதை வழங்கி வருகின்றது. 2024 பிப்பிரவரியில் கணித்தமிழ் மாநாட்டையும் நடத்தியது. இவை நல்ல தொடக்கங்கள். இனிச் செய்ய வேண்டுவன நான்கு. தமிழ்நாட்டில் நடைபெறும் எந்தச் செயலிப் போட்டியிலும் தமிழ் தனி அளவுகோலாதல் வேண்டும். நடுவர் அவையில் பேராசிரியரும் முதலாளியும் மட்டுமன்றி, அச்செயலியைப் பயன்படுத்தவிருக்கும் ஓட்டுநரும் உழவரும் அமர்தல் வேண்டும். தோற்றவனுக்கும் காரணம் எழுதித் தரப்படல் வேண்டும். வென்ற செயலியை அரசுத் துறைகள் விலை கொடுத்து வாங்கிச் சில ஆண்டுகளேனும் வழங்குதல் வேண்டும்.

செயலி ஆக்கும் தமிழ் இளைஞர்களே! போட்டிகளுக்கு விண்ணப்பியுங்கள், வெல்லுங்கள். ஆனால், தீர்ப்பு வரும்வரை கைகட்டி நிற்காதீர்கள். உங்கள் ஆக்கத்தை உங்கள் ஊர்ச் சந்தையில், ஆலை வாயிலில், சரக்குந்து நிற்குமிடத்தில் ஒருவர் கையில் கொடுத்துப் பாருங்கள். யாரையும் வினவாமல் அவர் தாமே அதனை இயக்கினாரா? முதல் தீர்ப்பு அது. அதில் வென்றபின், மற்ற நடுவர்களிடம் தலைநிமிர்ந்து செல்லுங்கள்.