பாப்ஓவருக்குச் சோடா எதற்கு?

பாப்ஓவர் என்பது அமெரிக்க வீடுகளில் காலை வேளையில் செய்கிற உப்பலான ரொட்டி. உள்ளே வெறும் காற்று, வெளியே மொறுமொறு. இப்போது கைபேசியில் இதைத் தமிழில் சொல்லித்தருகிறவர்களில் சிலர், மாவில் ஆப்பசோடா போடு, பேக்கிங் பவுடர் போடு என்கிறார்கள். இதை நான் ஆட்சேபிக்கிறேன். நாற்பது வருஷம் கோப்புகளில் ஆட்சேபணைக் குறிப்பு எழுதிய கை, சும்மா இருக்காது.

பூரி உப்புவதற்கு யாராவது சோடா போடுகிறோமா? மாவிலுள்ள தண்ணீர் காய்ந்த எண்ணெயில் ஆவியாகிறது. தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 மடங்கு இடம் கேட்கும். பாப்ஓவரிலும் அதே கதைதான். பாலிலுள்ள நீர் ஆவியாகித் தூக்குகிறது, முட்டை வெந்து இறுகித் தூக்கியதைப் பிடித்துக்கொள்கிறது. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன்; பிரெஞ்சுக்காரர்களின் ‘சூ’ பலகாரம் எங்களுக்குப் பழக்கம். சூ என்றால் முட்டைக்கோஸ். அதையும் ஆவிதான் உப்ப வைக்கிறது. ஆங்கிலேயர்களின் யார்க்‌ஷயர் புட்டிங்கும் இந்தக் குடும்பந்தான். அது 4 அங்குல உயரமாவது எழ வேண்டும் என்று 2008இல் அவர்களுடைய ராயல் வேதியியல் சங்கமே சொன்னது!

அமெரிக்காவிலேயே சிலர் துளி சோடா சேர்ப்பதுண்டே என்பீர்கள். உண்டு. அது பழக்கம், தேவையில்லை.

எனக்கு இதில் வீம்பு மட்டுமில்லை. என் வயதுக்காரர்கள் பலர் ரத்த அழுத்த மாத்திரை விழுங்குகிறவர்கள். டாக்டர் உப்பைக் குறை என்கிறார்; நாமும் ஊறுகாய் ஜாடியை மேல் பரணில் ஏற்றிவிட்டுத் தியாகிபோல் உட்கார்ந்திருக்கிறோம். ஒரு டீஸ்பூன் சோடாவில் 1,200 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது. ஒரு நாளைக்கு 2,000க்குள் நிறுத்து என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிட்டிகையில் என்ன வந்துவிடும் என்று கேட்டுத்தான் போண்டாவில் ஒரு சிட்டிகை, கொண்டைக்கடலை வேக ஒரு சிட்டிகை என்று சேர்த்துக்கொண்டே போகிறோம். உப்பு கரித்தால் நாக்கு காட்டிக்கொடுக்கும். சோடா சத்தமில்லாமல் உள்ளே போய்விடும்.

செய்முறை இவ்வளவுதான். மைதா ஒரு கப், பால் ஒரு கப், முட்டை இரண்டு, உருக்கிய வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, உப்பு கால் டீஸ்பூன். தோசை மாவைவிடத் தளரக் கரையுங்கள். தனி அச்சு வாங்கச் சொல்வார்கள், வாங்காதீர்கள்; குட்டையான எவர்சில்வர் டம்ளர் போதும். வெண்ணெய் தடவி, பாதி அளவு ஊற்றி, நன்றாகச் சூடேறிய அடுப்பில் 220 டிகிரியில் 20 நிமிஷம், பிறகு 180இல் 15 நிமிஷம். அதற்குள் கதவைத் திறக்கக் கூடாது. திறந்தால் சூடு இறங்கி, இறுகாத சுவர் மடங்கிவிடும். பேரப்பிள்ளைகள் வந்திருந்தால் ஒருவர் காவலுக்கு நிற்பது நல்லது. எடுத்தவுடன் கத்தி முனையால் ஒரு குத்து. ஆவி வெளியேறாவிட்டால் உள்ளே நமுத்துப்போகும்.

முட்டையில்லாத பாப்ஓவர் என்று ஒன்றையும் காட்டுகிறார்கள். முட்டையை எடுத்துவிட்டுச் சோடாவைப் போட்டால் வருவது கப் கேக். முட்டை சாப்பிடாதவர்களுக்குத்தான் பூரி இருக்கிறதே.