பத்து வருஷ அனுபவத்துக்கு மார்க் பூஜ்யம்

அரசு ஆஸ்பத்திரியில ராத்திரி 2 மணிக்கு உங்க அம்மாவுக்கு டிரிப்ஸ் போடுற நர்ஸ், ரத்தம் டெஸ்ட் பண்ற லேப் டெக்னீஷியன் இவங்கள்ல பல பேர் ஏழெட்டு வருஷமா அதே வேலையைப் பார்க்கிறவங்க. ஆனா நிரந்தர வேலைக்கு அப்ளிகேஷன் போடும்போது அவங்க நேத்து படிப்பு முடிச்ச பசங்களோட வரிசையிலதான் நிக்கணும். கொஞ்சம் நீளமான த்ரெட். உங்க உடம்பு சம்பந்தப்பட்டது, படிச்சிடுங்க.

முதல்ல இது எப்படி நடக்குதுன்னு சொல்றேன். மாவட்ட நலவாழ்வுச் சங்கம் மூலமா ஆள் எடுக்கிற விளம்பரத்தை எடுத்துப் பாருங்க. 11 மாச ஒப்பந்தம். முற்றிலும் தற்காலிகம், எந்தக் காலத்திலும் நிரந்தரம் பண்ண மாட்டோம், அதுக்கு சம்மதம்னு நீங்களே எழுதிக் கொடுத்துட்டுத்தான் சேரணும். 11 மாசம் முடிஞ்சா புது ஆர்டர். சில இடத்துல நடுவுல ஒரு நாள் இடைவெளி விடுவாங்க. அந்த ஒரு நாள் ஏன்னு கேட்டா யாரும் நேரா பதில் சொல்ல மாட்டாங்க. தொடர்ச்சியா வேலை பார்த்தேன்னு நாளைக்கு யாரும் கேஸ் போட்டுடக் கூடாது, அவ்வளவுதான்.

சரி, நிரந்தர வேலைக்கு விளம்பரம் வருது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அதான் எம்.ஆர்.பி., லேப் டெக்னீஷியன் கிரேடு 3-க்கு ஆள் எடுத்த கணக்கு இது: பத்தாம் வகுப்பு மார்க்குக்கு 20, பன்னிரண்டாம் வகுப்புக்கு 30, டிப்ளமோவுக்கு 50. மொத்தம் 100. இதுல வேலை பார்த்த வருஷத்துக்கு இடம் எங்க இருக்கு? 15 வயசுல சமூக அறிவியல்ல எத்தனை மார்க் வாங்கினீங்கன்றது கணக்குல வருது. பத்து வருஷமா எத்தனை ஆயிரம் சாம்பிள் பார்த்தீங்கன்றது வரல.

அதனால என்னன்னு கேட்கிறவங்களுக்கு ஒரு உதாரணம். ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைஞ்சுட்டா பொட்டாசியம் அளவு பொய்யா ஏறிக் காட்டும். அனுபவப்பட்ட டெக்னீஷியன் ட்யூபோட நிறத்தைப் பார்த்ததுமே வார்டுக்கு போன் போட்டு, "டாக்டர், சாம்பிள் ஹீமோலைஸ் ஆகியிருக்கு, இன்னொரு தடவை எடுத்து அனுப்புங்க"ன்னு சொல்லிடுவாங்க. புதுசா வந்தவர் மெஷின் காட்டுற நம்பரை அப்படியே எழுதி அனுப்ப வாய்ப்பு அதிகம். அந்த நம்பரை நம்பி பொட்டாசியத்தைக் குறைக்க நான் இன்சுலின் போட்டேன்னு வைங்க, நல்லா இருந்த ஆளுக்கு சர்க்கரையும் இறங்கும், பொட்டாசியமும் இறங்கும். ரெண்டுமே உயிருக்கு ஆபத்து. அந்த ஒரு போன் காலைப் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்ல தேட முடியாது.

என் கூட வேலை பார்க்கிற ஒருத்தங்க இருக்காங்க. மூணு கிலோ குழந்தைக்கு நரம்பு கிடைக்கலன்னா எல்லாரும் அவங்களைத்தான் கூப்பிடுவோம். (நரம்புன்னு நாம சொல்றது உண்மையில சிரை. போகட்டும், ஆஸ்பத்திரியில நாங்களும் நரம்புன்னுதான் சொல்றோம்.) புதுசா வர்ற நிரந்தரப் பணியாளருக்கு வேலை கத்துக் கொடுக்கிறதும் அவங்கதான். கத்துக்கிட்டவருக்கு முழுச் சம்பளம், கத்துக் கொடுத்தவருக்கு 11 மாச ஆர்டர். ரெண்டு பேரும் உட்கார்றது ஒரே பெஞ்ச்.

நர்ஸ்கள் கதை இன்னும் மோசம். 2015-ல எம்.ஆர்.பி. பரீட்சை வச்சு 7,000 பேருக்கு மேல எடுத்தாங்க. தொகுப்பூதியம் மாசம் 7,700 ரூபாய். ரெண்டு வருஷத்துல நிரந்தரம்னு பேச்சு. ரெண்டு வருஷம் தாண்டியும் பல வருஷம் காத்திருந்தவங்க ஏராளம். 7,700 அப்புறம் 14,000 ஆச்சு, 18,000 ஆச்சு. கோவிட்ல எடுத்த சுமார் 2,400 செவிலியர்களை 2022 டிசம்பர் 31-ஓட நிறுத்தினாங்க. போராட்டம் நடந்ததும், மாவட்ட நலவாழ்வுச் சங்கம் மூலமா வேலை தர்றோம்னு சொன்னாங்க. அதாவது பிபிஇ கிட்ல வேர்த்து நனைஞ்சு கோவிட் வார்டைப் பார்த்தவங்க மறுபடியும் ஒரு தற்காலிக வேலைக்கு முதல்ல இருந்து வரணும்.

அந்த 18,000-ஐப் பத்தி இன்னொன்னு. உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி மத்திய அரசு போட்ட கமிட்டி 2016-லயே என்ன சொல்லுச்சு? 50 படுக்கைக்கும் குறைவான தனியார் ஆஸ்பத்திரிகூட நர்ஸுக்கு 20,000-க்குக் குறையாமக் கொடுக்கணும்னு பரிந்துரைச்சது. தெருமுனை நர்சிங் ஹோமுக்குச் சொன்ன அளவைக்கூட அரசாங்கத் தொகுப்பூதியம் தொடல. தனியார் அதை மதிச்சாங்களான்னு கேட்காதீங்க. "மூணு வருஷ அனுபவம் அவசியம்"னு விளம்பரம் போட்டுட்டு, சேர்ந்ததும் ட்ரெய்னி சம்பளம் கொடுக்கிற இடங்கள் எல்லா ஊர்லயும் இருக்கு.

இப்ப வழக்கமா வர்ற பதில்: "பரீட்சை எழுதி பாஸ் பண்ண வேண்டியதுதானே? புதுசா படிச்சவங்களுக்கும் வாய்ப்பு வேணுமில்ல?" வேணும். போட்டியை எடுக்கச் சொல்லல. அனுபவத்தையும் எண்ணுங்கன்றதுதான் கேள்வி. அப்புறம், 2015 நர்ஸ்கள் அந்தப் பரீட்சையை எழுதி, இனச்சுழற்சிப்படிதான் உள்ள வந்தாங்க. கொல்லைப்புற வழியா யாரும் வரல.

அனுபவத்தை எப்படி மார்க்கா மாத்துறதுன்னு தெரியாதான்னா, நல்லாவே தெரியும். டாக்டர்களுக்கு அதைப் பண்ணியிருக்கு இதே அரசு. அரசுப் பணியில இருக்கிற எங்களுக்கு பட்ட மேற்படிப்புல 50 சதவீதம் தனி இடஒதுக்கீடு இருக்கு. கிராமத்துலயோ மலைப்பகுதியிலயோ வேலை பார்த்தா வருஷத்துக்கு 10 சதவீதம் வரைக்கும்னு, மொத்தத்துல அதிகபட்சம் 30 சதவீதம் நீட் மார்க்குல ஊக்க மதிப்பெண். இதுக்காக தமிழ்நாட்டு அரசு டாக்டர்கள் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனோம், 2020 ஆகஸ்ட்ல அரசியல் சாசன அமர்வு மாநிலத்துக்கு அந்த உரிமை உண்டுன்னு சொல்லுச்சு. நியாயமான தீர்ப்பு, நானும் கொண்டாடினேன். அதே மலை கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல என் பக்கத்து அறையில வேலை பார்த்த லேப் டெக்னீஷியனோட வருஷம் மட்டும் ஏன் வருஷம் இல்ல? கோவிட் பணிக்கு ஊக்க மதிப்பெண் தந்தப்பவும் வானம் ஒண்ணும் இடிஞ்சு விழல.

"கோர்ட்டே ஒத்துக்கல"ன்னு அதிகாரிங்க 2006 உமாதேவி தீர்ப்பைக் காட்டுவாங்க. முறையில்லாம எடுத்தவங்களை நிரந்தரம் பண்ணச் சொல்லி உரிமையா கேட்க முடியாதுன்னு சொன்ன தீர்ப்பு அது. ஆனா 2024 டிசம்பர்ல ஜக்கோ வழக்குல, மத்திய நீர் ஆணையத்துல வருஷக்கணக்கா கூட்டிப் பெருக்கினவங்களையும் தோட்டக்காரரையும் நிரந்தரம் பண்ணச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. உமாதேவியைக் காட்டி நீண்ட கால ஊழியர்களைச் சுரண்டக் கூடாதுன்னும் அதுல சொல்லியிருக்கு. இந்தத் தீர்ப்பை ஏன் ஃபைல்ல வைக்க மாட்டேங்கிறாங்க?

என்ன பண்ணணும்? எம்.ஆர்.பி. கணக்குல அரசு ஆஸ்பத்திரியில பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் மார்க் கொடுங்க. பத்தாம் வகுப்போட 20-ஐ அதுக்கு எடுத்துக்கோங்க, யாருக்கும் நஷ்டமில்ல. 11 மாச ஆர்டருக்கு நடுவுல விடுற அந்த ஒரு நாளை நிறுத்துங்க.

ஒப்பந்தத்துல இருக்கிற தம்பி தங்கைகளுக்கு: ஒவ்வொரு ஆர்டர் முடியும்போதும் பணிச் சான்று எழுதி வாங்குங்க, ஆஸ்பத்திரி முத்திரையோட. டூட்டி ரோஸ்டரை மாசாமாசம் போட்டோ எடுத்து வைங்க. சம்பளம் ஏறின பேங்க் ஸ்டேட்மென்ட், முதல் நியமன ஆர்டர், விளம்பரத்தோட நகல் எல்லாம் ஒரு ஃபைல்ல இருக்கட்டும். கண்காணிப்பாளர் மாறிட்டா பழைய சான்று வாங்க அலைய வேண்டியிருக்கும். இந்த வாரமே கேளுங்க.