இரண்டு சூரியோதயம்

உலகப் படத்தை விரித்து, லண்டனிலிருந்து சிட்னிக்கு ஸ்கேலை வைத்து ஒரு கோடு போட்டுப் பாருங்கள். அது நம் தென்னிந்தியாவின் பக்கமாக வந்து போகும். ஆனால் கிட்டிய வழி அதுவல்ல! சந்தேகமாயிருந்தால் அடுக்களையிலிருந்து ஒரு சாத்துக்குடியை எடுத்து, இரண்டு புள்ளி வைத்து, நடுவே நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் தானாகவே தனக்கு வேண்டிய வழியைப் பிடித்துக்கொள்ளும். பூமி உருண்டையில் அதே காரியத்தைச் செய்தால் நூல் வடக்கே ஏறி, ரஷ்யா, சீனாவின் மேலாக வளைந்து சிட்னிக்கு இறங்கும். ஏறக்குறைய 17,000 கிலோமீட்டர்.

1947 டிசம்பரில் குவாண்டாஸ் கம்பெனியின் விமானம் சிட்னியிலிருந்து லண்டன் போய்ச் சேர நாலு நாள் ஆயிற்று. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிபோலி என்று இறங்கி இறங்கிப் பிரயாணம். 29 பிரயாணிகளுக்கு 11 சிப்பந்திகள்! கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாருக்குக்கூட இந்த உபசாரம் நடந்திருக்குமா என்பது சந்தேகந்தான்.

ஆனால் அதற்கும் முந்திய கதை ஒன்று உண்டு. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

யுத்தத்தில், 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அத்துடன் ஆஸ்திரேலியாவுக்கும் லண்டனுக்கும் இருந்த விமான வழி அறுந்துபோயிற்று. போர்முனையில் இருக்கும் பிள்ளையின் கடிதத்துக்காக வாசலைப் பார்த்து நிற்கும் தாயின் நிலையைச் சொல்லவும் வேண்டுமா? 1943-இல் வழியை மீண்டும் ஒட்டுப்போட்டார்கள். எப்படித் தெரியுமா? பெர்த் நகரத்து ஆற்றிலிருந்து நீர் விமானம் கிளம்பும். நடுவில் எங்கும் இறங்காமல் இந்து மகா சமுத்திரத்தைத் தாண்டி, இலங்கையில் காலிக்கு அருகேயுள்ள கொக்கலை ஏரியில் வந்து இறங்கும். 5,600 கிலோமீட்டர். வேகமோ மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர்தான். எதிரி விமானங்கள் திரியும் பகுதியை இருட்டில் கடக்கவேண்டும். ரேடியோவில் பேசக்கூடாது, நட்சத்திரங்களைப் பார்த்தே திசை கண்டார்கள்.

பெட்ரோல் கனத்தினால் மூன்றே பிரயாணிகள். தபால் 69 கிலோ. அந்த 69 கிலோவில் படைவீரர்களின் கடிதங்களும் அடக்கம்.

பிரயாணம் 27 மணி முதல் 33 மணி வரை நீளும். ஆகாயத்திலேயே சூரியன் இரண்டு தடவை உதிக்கும். அதைப் பார்த்தவர்களுக்கு 'இரட்டைச் சூரியோதய ரகசிய சங்கம்' என்று வேடிக்கையாக ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். 1945 ஜூலை வரை 271 தடவை கடந்தார்கள். ஒரு விமானம்கூடக் கடலில் விழவில்லை!

2019 நவம்பரில் அதே கம்பெனி, சோதனைக்காக, லண்டனிலிருந்து சிட்னிக்கு எங்கும் நிற்காமல் ஒரு விமானம் விட்டது. போய்ச் சேர 19 மணி 19 நிமிஷம். சுமார் ஐம்பது பேரை ஏற்றிச் சென்ற அதிலும் இரண்டு சூரியோதயம் கண்டார்கள்.