ஹைப்ரிட் காருக்கு 3 லட்சம் கூடுதல்: திருத்தணிக்காரங்களுக்கு இது லாபமா?



"சார், ஹைப்ரிட் எடுக்கலாமா? லிட்டருக்கு 28 கிலோமீட்டர் தருதாமே?" இந்தக் கேள்வி திருத்தணி, அரக்கோணம், பள்ளிப்பட்டு பக்கத்துல இருந்து அடிக்கடி வருது. வீடியோல ரெண்டு நிமிஷத்துல சொல்லி முடிக்கற விஷயம் இல்ல. கணக்கை நிதானமா எழுதிப் பார்க்கணும். அதனால இந்தப் பதிவு.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். திருத்தணியில குடியிருக்கிற பெரும்பாலான குடும்பங்களுக்கு ஹைப்ரிட் பணத்தை மிச்சம் பண்ணாது. வண்டி மோசம்னு நான் சொல்லல, அருமையான தொழில்நுட்பம். ஆனா அந்தக் கூடுதல் விலையைத் திருப்பி எடுக்கிற அளவுக்கு நாம ஓட்டறதில்ல. சிலருக்கு மட்டும் நிச்சயம் லாபம். நீங்க எந்தப் பக்கம்னு பார்த்துடலாம்.

"ஹைப்ரிட்"னு எழுதியிருந்தா எல்லாம் ஹைப்ரிட் இல்ல

ஷோரூம்ல முதல் குழப்பமே இங்கதான். மைல்டு ஹைப்ரிட்டுல சின்ன பேட்டரி, சின்ன மோட்டார். அது இன்ஜினுக்குக் கொஞ்சம் கை கொடுக்கும், அவ்வளவுதான். மோட்டார் மட்டும் தனியா வண்டியை இழுக்காது. ஸ்ட்ராங் ஹைப்ரிட் வேற. மெதுவா போகும்போது இன்ஜின் அணைஞ்சு, மோட்டாரே வண்டியை ஓட்டும். பிரேக் பிடிக்கிற சக்தி பேட்டரிக்குத் திரும்பும். டொயோட்டா 1997-ல ஜப்பான்ல ப்ரியஸ் மூலமா கொண்டு வந்தது இதைத்தான். நம்ம ஊர்ல கிராண்ட் விட்டாரா, ஹைரைடர், ஹோண்டா சிட்டி, இன்னோவா ஹைகிராஸ் ஆகியவற்றின் குறிப்பிட்ட மாடல்கள்ல இது கிடைக்குது.

மாருதி 2022-ல கிராண்ட் விட்டாராவை அறிமுகம் செஞ்சப்போ "ஸ்மார்ட் ஹைப்ரிட்", "ஸ்ட்ராங் ஹைப்ரிட்" ரெண்டும் ஒரே வண்டியில வந்தது. ஏஆர்ஏஐ சான்றிதழ் மைலேஜ் ஸ்மார்ட் ஹைப்ரிட் ஆட்டோமேட்டிக்குக்கு 20.58, ஸ்ட்ராங் ஹைப்ரிட்டுக்கு 27.97. விளம்பரத்துல பெருசா தெரியற எண் ரெண்டாவதுதான். நான் கீழே போடற கணக்கும் ஸ்ட்ராங் ஹைப்ரிட்டுக்குத்தான்.

கூடுதல் விலை ஷோரூம் விலையோட நிக்காது

அறிமுகத்தப்போ ஜீட்டா ஆட்டோமேட்டிக் எக்ஸ்-ஷோரூம் விலை 15.39 லட்சம். ஜீட்டா பிளஸ் ஸ்ட்ராங் ஹைப்ரிட் 17.99 லட்சம். வித்தியாசம் 2.60 லட்சம். இன்னைக்கு விலை மாறியிருக்கும், கூடுதல் வசதிகளும் சிலது சேர்ந்து வரும். நீங்க கொட்டேஷன் வாங்கி உங்க எண்ணைப் போட்டுக்கோங்க. இங்க முறையைப் புரிஞ்சுக்கறதுதான் முக்கியம்.

தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல இருந்து 10 முதல் 20 லட்சம் வரையிலான கார்களுக்கு சாலை வரி 18 சதவீதம். 20 லட்சத்தைத் தாண்டினா 20 சதவீதம். அப்போ அந்த 2.60 லட்சத்துக்கு மட்டும் இன்னொரு 46,800 ரூபாய் வரி. இன்சூரன்ஸும் கொஞ்சம் ஏறும். எல்லாம் சேர்த்தா 3 லட்சத்தைத் தாண்டுது. கணக்கு சுலபமா இருக்க 3 லட்சம்னு வச்சுப்போம்.

இதை லோன்ல எடுத்தா? 9 சதவீத வட்டி, 7 வருஷம்னு போட்டா, அந்த 3 லட்சத்துக்கு மட்டும் மாத இஎம்ஐ சுமார் 4,830 ரூபாய். கட்டி முடிக்கிறப்போ மொத்தம் 4 லட்சத்துக்கு மேல. நம்ம மலைக்கு 365 படி, வருஷத்துக்கு 365 நாள். நாள் ஒண்ணுக்கு 159 ரூபாய்னு ஏழு வருஷமும் படி ஏறிக்கிட்டே இருக்கணும். வண்டி வீட்டு வாசல்லயே நின்னாலும் அந்த 159 ரூபாய் போகும்.

"நான் லோன் போடல, கையில காசு இருக்கு"ன்னு சொல்றவங்களுக்கும் செலவு உண்டு. அதே 3 லட்சம் 6.5 சதவீதத்துல எஃப்டியில இருந்தா வருஷத்துக்கு 19,500 ரூபாய் வட்டி வரும். அதை விட்டுக்கொடுத்துத்தான் இந்த வண்டியை வாங்கறீங்க.

ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு மிச்சம்?

ஹைப்ரிட்டோட பலம் நெரிசல்ல இருக்கு. நின்னு நின்னு போற ரோட்டுல சாதா பெட்ரோல் வண்டி எரிபொருளை வீணாக்கும், ஹைப்ரிட் பேட்டரியில நகரும். நெடுஞ்சாலையில ஒரே சீரா 90-ல போனா ரெண்டுலயும் இன்ஜின்தான் வேலை செய்யுது, வித்தியாசம் சுருங்கிடும்.

பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய்னு வச்சுப்போம். கீழே இருக்கிற மைலேஜ் சான்றிதழ் எண் இல்ல, ரோட்டுல எதிர்பார்க்கலாம்னு நான் எடுத்துக்கிட்ட அனுமானம்.

- நெடுஞ்சாலை: பெட்ரோல் 17, ஹைப்ரிட் 21. கிலோமீட்டருக்கு மிச்சம் சுமார் 1 ரூபாய் 12 காசு.
- கலந்து ஓட்டினா: பெட்ரோல் 14, ஹைப்ரிட் 22. மிச்சம் சுமார் 2 ரூபாய் 60 காசு.
- கடும் நகர நெரிசல்: பெட்ரோல் 11, ஹைப்ரிட் 23. மிச்சம் சுமார் 4 ரூபாய் 74 காசு.

ஒரே வண்டிதான், ரோடு மாறினா மிச்சம் நாலு மடங்கு மாறுது. அதனால 4,830 ரூபாய் இஎம்ஐயை பெட்ரோல் மிச்சத்துலயே கட்டணும்னா, நெடுஞ்சாலைக்காரர் மாசம் 4,300 கிலோமீட்டர் ஓட்டணும். கலந்து ஓட்டறவர் 1,860. சென்னை அண்ணா சாலையில தினமும் திண்டாடறவருக்கு 1,020 கிலோமீட்டரே போதும்.

சென்னை நண்பர் "எனக்கு லாபமா இருக்கு"ன்னு சொன்னா அவர் பொய் சொல்லல. அவரோட ரோடு வேற, உங்க ரோடு வேற.

நம்ம ஊர்ல யார் எவ்வளவு ஓட்டறாங்க?

ஊருக்குள்ள கடை, பள்ளிக்கூடம், விசைத்தறின்னு தொழில் பண்ற குடும்பம். கார் வெளிய எடுக்கறது அரக்கோணம் கல்யாணம், மாசத்துல ஒரு தடவை சென்னை ஆஸ்பத்திரி, எப்பவாவது திருப்பதி. தாராளமா போட்டாலும் மாசம் 700 கிலோமீட்டர். மிச்சம் 1,820 ரூபாய். இஎம்ஐ 4,830. மாசா மாசம் 3,000 ரூபாய் கையை விட்டுப் போகுது. ஆடிக் கிருத்திகைக்கு மலையடிவாரத்துல காவடிக் கூட்டத்துக்கு நடுவுல வண்டி ஊர்ந்து போறப்போ ஹைப்ரிட் ஜம்முனு இருக்கும்தான். ஆனா அது வருஷத்துல ரெண்டு மூணு நாள்.

அடுத்து, சென்னையில வேலை பார்க்கறவர். நெரிசல்ல ஓட்டறதால ஹைப்ரிட்டுக்கு இவர்தான் பொருத்தமான ஆள்னு தோணும். ஆனா அவர் கார்ல போறதில்லையே! திருத்தணியில இருந்து சென்ட்ரலுக்கு மின்சார ரயில் இருக்கு. சீசன் டிக்கெட்டோட போட்டி போட எந்தக் காராலயும் முடியாது.

மூணாவது, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகளுக்குப் போறவங்க. அந்தப் பக்கம் நேரடி ரயில் கிடையாது. கம்பெனி பஸ் வர்ற ரூட்டுல இருந்தா பிரச்சினை இல்ல. இல்லாதவங்க தினமும் போக வர சுமார் 120 கிலோமீட்டர், மாசம் 24 நாள்னா 2,880. பாதி தூரம் நெடுஞ்சாலை ஓட்டம், பாதி தூரம் கலந்த ஓட்டம்னு எடுத்தா மிச்சம் மாசம் 5,350 ரூபாய் வரும். இஎம்ஐயைத் தாண்டிடுச்சு. இவங்களுக்கு நான் "எடுங்க"ன்னுதான் சொல்வேன். அதுவும் ஷிஃப்ட், டிபார்ட்மென்ட் மாறாம குறைஞ்சது ஏழு வருஷம் அதே ரூட்டுல ஓட்டுவோம்னு நம்பிக்கை இருந்தா மட்டும்.

எல்லை ஊர்ங்கிறதால இன்னொரு விஷயம். 1960 ஏப்ரல் 1-ல திருத்தணி சித்தூர் மாவட்டத்துல இருந்து நம்ம மாநிலத்தோட சேர்ந்தது. அந்த எல்லைக்கோட்டை இன்னைக்கு பெட்ரோல் பங்க்ல பார்க்கலாம். ஆந்திராவுல பெட்ரோல் லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் அதிகம். விலை கூடினா ஹைப்ரிட்டோட மிச்சமும் கூடும், கலந்த ரோட்டுல கிலோமீட்டருக்கு சுமார் 20 காசு. அதனால நகரியில இருக்கிற மாமாவுக்கு சரியா வர்ற கணக்கு, திருத்தணியில இருக்கிற மருமகனுக்கு வராமப் போகலாம். திருப்பதி போறவங்க டேங்கை இங்கயே நிரப்பிக்கிட்டுப் போங்க. இதுக்கு 3 லட்சம் செலவில்ல!

"ஆனா சார்..."

"ஏழு வருஷம் கழிச்சு இஎம்ஐ முடிஞ்சிடுமே, அப்புறம் எல்லாம் லாபம்தானே?" உண்மைதான், ரொம்ப நாள் வண்டியை வச்சிருக்கறவங்களுக்கு இது சாதகம். ஆனா பேட்டரிக்கு இந்தக் கம்பெனிகள் தர்ற வாரண்டி பொதுவா 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர். கடன் முடிஞ்சு ஒரே வருஷத்துல வாரண்டியும் முடியுது. அதுக்கப்புறம் பேட்டரி மாத்த வேண்டி வந்தா, அந்தச் செலவு உங்க தலையில.

"எனக்கு மைலேஜ்தான் முக்கியம்." அப்படின்னா சின்ன காரைப் பாருங்க. 2024 ஸ்விஃப்ட் ஏஎம்டியோட சான்றிதழ் மைலேஜ் 25.75. ஹைப்ரிட்டோட 27.97-க்கும் இதுக்கும் ரெண்டு கிலோமீட்டர் சொச்சம்தான் வித்தியாசம், விலையோ பல லட்சம் கம்மி. 2025 செப்டம்பர் 22-ல இருந்து நாலு மீட்டருக்குள்ள இருக்கிற சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். நாம பேசற இந்தப் பெரிய ஹைப்ரிட்டுகளுக்கு 40. மின்சாரக் கார்களுக்கு 5. அரசாங்கமும் ஹைப்ரிட்டுக்குப் பெருசா கை கொடுக்கலைன்னு இதுலயே தெரியுது.

"சத்தமே இல்ல, சுகமா இருக்கு, புகையும் கம்மி." இதை நான் மறுக்கவே மாட்டேன். நாலு தடவை மலையேறி இறங்கினா யாருக்கும் பிடிச்சுப் போகும். வசதி இருந்தா தாராளமா வாங்குங்க. ஆனா வீட்டுல சொல்றப்போ "ஆசைப்பட்டு வாங்கறேன்"னு சொல்லுங்க. "பெட்ரோல் மிச்சமாகும்"னு சொல்லி வாங்கினா, அந்த வராத மிச்சத்தை நம்பி அடுத்த செலவும் வந்து நிக்கும். மருத்துவக் காப்பீடு இல்லாம, ஆறு மாசச் செலவுக்குக் கையிருப்பு இல்லாம, காருக்கு மட்டும் 3 லட்சம் கூடக் கொடுக்கிற குடும்பத்தைப் பார்த்தாதான் எனக்குக் கவலை.

ஷோரூம் போறதுக்கு முன்னாடி

1. இப்போ இருக்கிற வண்டியோட ஓடோமீட்டரைப் பாருங்க. மொத்த கிலோமீட்டரை வாங்கி எத்தனை மாசமாச்சோ அதால வகுங்க. பைக் மட்டும்தான் இருக்குன்னா, கார்ல போகப் போற பயணங்களை ஒரு நோட்டுல எழுதுங்க.
2. அந்த ஓட்டத்துல நெடுஞ்சாலை எவ்வளவு, நெரிசல் எவ்வளவுன்னு பிரிங்க.
3. ஒரே வசதிகள் உள்ள ரெண்டு மாடலுக்கும் ஆன்-ரோடு விலை கேளுங்க. எக்ஸ்-ஷோரூம் வித்தியாசத்தை வச்சு முடிவு பண்ணாதீங்க.
4. டிக்கியைத் திறந்து பாருங்க. பேட்டரி இடத்தைப் பிடிக்கும். குடும்பத்தோட திருப்பதி போற பெட்டியெல்லாம் உள்ள போகுமான்னு பாருங்க.
5. கூடுதல் தொகைக்கான இஎம்ஐயை மாதக் கிலோமீட்டரால வகுங்க. விடை 2 ரூபாய் 60 காசுக்குக் கீழே வந்தா ஹைப்ரிட்டைப் பத்தி யோசிக்கலாம். முழுக்க நெடுஞ்சாலைன்னா 1 ரூபாய் 12 காசுக்குக் கீழே வரணும்.

மாசம் 1,860 கிலோமீட்டரைத் தொடாதவங்க சாதா பெட்ரோல் மாடலை எடுத்துட்டு, மிச்சமாகிற 3 லட்சத்துக்கு நல்ல வேலை கொடுங்க. தொடறவங்க தைரியமா ஹைப்ரிட் எடுங்க. உங்க ஊர், மாதக் கிலோமீட்டர், ரோடு எப்படின்னு மூணையும் கமெண்ட்ல போடுங்க. அடுத்த வீடியோல உங்க எண்களை வச்சே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.