சென்னைக்கு ஒரு பதவி உயர்வு

2001-ஆம் வருஷம் செப்டம்பர் 25-ந் தேதி இரவு சுமார் எட்டரை மணிக்குச் சென்னைவாசிகள் பலர் பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு வீதிக்கு ஓடிவர நேர்ந்தது. புதுச்சேரிக்கு அப்பால் கடலில் உண்டான பூகம்பமே காரணம். அதன் அளவு 5.5. சற்று நேரத்துக்கெல்லாம் அவர்கள் உள்ளே போய் மிச்சச் சாப்பாட்டை முடித்தார்கள்.

மறு வருஷம், பூகம்ப அபாயப் படத்தில் சென்னை இரண்டாவது மண்டலத்திலிருந்து மூன்றாவது மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது. பதவி உயர்வென்றால் பூரித்துப் போகும் நம் ஊரார், இந்த உயர்வைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை!

ஆழ்வார்பேட்டையில் அடுக்கு மாடியில் குடியிருக்கும் நண்பர் ஒருவர், "எங்கள் கட்டடம் வெகு கெட்டி, ஸார்! எதற்கும் அசையாது" என்றார்.

"கட்டடம் நிற்கட்டும். குழாயில் ஜலம் வருமா?" என்று கேட்டோம்.

நண்பர் விழித்தார். விழிக்க வேண்டிய விஷயந்தான். மின்சாரக் கம்பி அறுந்தால் மோட்டார் ஓடாது. மோட்டார் ஓடாவிட்டால் மேல் தொட்டிக்கு ஜலம் ஏறாது. பாலம் விரிந்தால் தீயணைக்கும் வண்டி வராது. வந்தாலும், தெருக் குழாய் உடைந்திருந்தால் என்ன பிரயோஜனம்? 1906-இல் ஸான்பிரான்ஸிஸ்கோ நகரை அதிகமாக அழித்தது பூகம்பமன்று. அதன் பின் மூண்ட தீயே. நகரத்துக் குழாய்கள் உடைந்து போனதால், தண்ணீரின்றித் தவித்தார்கள் தீயணைப்போர்.

அவ்வளவு தூரம் போவானேன்? 2001 ஜனவரி 26-ல் குஜராத்தின் கச்சுப் பிரதேசம் குலுங்கியபோது, ஒற்றைத் தூண் மீது நின்ற தண்ணீர்த் தொட்டிகள் பலவற்றுக்கு அடிப்பாகத்தில் வளையமாக வெடிப்புக் கண்டது. கச்சுக்குப் போகும் வழியிலுள்ள சூரஜ்பாரிப் பாலமும் சேதமுற்றது. கிணறு இருந்தால் கவலையில்லை என்பதற்குமில்லை. 1934-இல் பீகாரில் பூமிக்கடியிலிருந்து பொங்கிய மணல் கிணறுகளைத் தூர்த்துவிட்டது. சிறையிலிருந்து விடுதலையான பாபு ராஜேந்திர பிரஸாத் முன்னின்று நடத்திய நிவாரண வேலைகளில், கிணற்றுத் தூர் எடுப்பதும் ஒன்றாயிற்று.

இதற்குப் பரிகாரம் உண்டா? உண்டு. பூகம்பத்தோடு குடித்தனம் செய்யும் ஜப்பானியர், பூமி அசையும்போது நீண்டும் சுருங்கியும் கொடுக்கும், ஆனால் கழன்று போகாத, மூட்டுக்களையுடைய குழாய்களைப் புதைக்கிறார்கள். நில நடுக்கத்தின் முதல் அலையைக் கருவிகள் உணர்ந்ததும் அதிவேக ரயில்களை நிறுத்தவும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். விறைத்து நிற்பது பலமன்று. இணங்கி அசைவதே பலம் என்பது அவர்கள் கண்ட பாடம்.

நம் வீதியில் புதுக் குழாய்க்குப் பள்ளம் தோண்டும்போது, 'வழியை அடைத்துவிட்டார்களே!' என்று சண்டை பிடிக்கிறோம். 'மூட்டு எப்படிப்பட்டது?' என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன?

நண்பர் அன்றே இரண்டு குடம் குடிநீர் நிரப்பி வைத்தாராம். சமையல் வாயுவை அடைக்கும் திருகு எங்கே இருக்கிறதென்று மனைவியிடம் கேட்டும் தெரிந்துகொண்டாராம். பூகம்பத்தினால் விளைந்த முதல் நன்மை இதுதான் என்கிறார் அந்த அம்மாள்!