ஃபில்டருக்கு ஆள் தெரியாது!

கிட்னி வேலை செய்யலைன்னா மருந்தோட அளவைக் குறைக்கணும். ஃபார்மஸி, மெடிக்கல், நர்சிங்னு எது படிச்சாலும் பரீட்சைக்குத் தவறாம வர்ற சமாச்சாரம் இது. காரணம் சிம்பிள். வெளியே போக வழியில்லாத மருந்து உடம்புலேயே தேங்கி விஷமாகிடும்.

சரி, இப்ப ஐ.சி.யூ-வுக்கு வாங்க. ரத்தத்துல கிருமி பரவி, பி.பி. விழுந்து, கிட்னியும் படுத்துடுச்சு. பக்கத்துல 24 மணி நேரமும் ஓடுற டயாலிசிஸ் மெஷின். இவருக்கு ஆன்டிபயாட்டிக்கைக் குறைக்கலாமா? இங்கேதான் வில்லங்கம்.

வாரத்துக்கு மூணு நாள், நாலு மணி நேரம் செய்யுற வழக்கமான டயாலிசிஸ் வேகத்தை பி.பி. விழுந்தவர் தாங்க மாட்டார். அதனால நிதானமா, நிறுத்தாம ஓட்டுறாங்க. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரத்து டாக்டர் பீட்டர் கிராமர் 1977-ல் காட்டின வழி. அப்ப பம்ப்கூட கிடையாது பாஸ். நோயாளியோட ரத்த அழுத்தமே ரத்தத்தை ஃபில்டருக்குள்ளே தள்ளிச்சு!

கொஞ்சம் கணக்குப் போடுவோம். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, மணிக்கு 20-லிருந்து 25 மில்லி நீர் வடிகட்டி வெளியேறணும்ங்கறது 2012-ல் வந்த சர்வதேச வழிகாட்டி. 60 கிலோ ஆளுக்கு 25 வீதம்னா மணிக்கு ஒன்றரை லிட்டர். ஒரு நாளைக்கு 36 லிட்டர்! வீட்டுக்கு வர்ற தண்ணி கேன் கிட்டத்தட்ட ரெண்டு. அதுல யூரியா மட்டுமா போகும்? ஃபில்டருக்கு வேண்டியவன் வேண்டாதவன் தெரியாது. சின்ன மூலக்கூறா, ரத்தப் புரதத்தோட ஒட்டாம தனியா திரிஞ்சா வெளியேதான். மெரோபெனம் இந்த ரகம். செஃப்ட்ரியாக்ஸோன் புரதத்தை இறுக்கிப் பிடிச்சுக்கும், லேசுல நழுவாது.

இதைவிட முக்கியம் முதல் டோஸ். பாட்டில் பாட்டிலா சலைன் ஏத்தி, ரத்தக்குழாய்களும் கசிஞ்சு, உடம்பு வீங்கிக் கிடக்கு. தொட்டியே பெருசாயிடுச்சு. அதை நிரப்புறதுதான் முதல் டோஸோட வேலை. அதுக்கும் கிட்னிக்கும் சம்பந்தமே இல்லை. செப்சிஸ்ல முதல் சில மணி நேரம்தான் உசிரு. அப்பப் போய் ‘கிட்னி ஃபெயிலியர்’னு பாதி டோஸ் போட்டா கிருமிக்குத்தான் கொண்டாட்டம். குறைக்கிறதை அடுத்தடுத்த டோஸ்ல யோசிக்கலாம்.

அதுக்காக அள்ளிக் கொடுத்துட முடியாது. ராத்திரி ஃபில்டர்ல ரத்தம் உறைஞ்சு மெஷின் ஆறு மணி நேரம் நின்னா, மருந்து உள்ளேயே சேரும். செஃபெபிம் அளவு மீறினா மனக்குழப்பம், வலிப்பு வரை போகும். ஏற்கெனவே மயக்கத்தில் கிடக்கிறவருக்குக் குழப்பம்னு யார் கண்டுபிடிக்கிறது?

14 நாடுகளின் 29 ஐ.சி.யூ-க்களில் 381 நோயாளிகளைச் சோதிச்சாங்க. ரத்தத்தில் இருந்த மருந்தளவு ஆளுக்கு ஆள் ஏகத்துக்கும் மாறியிருந்தது. அளந்து பார்த்து டோஸை மாத்துறதுதான் நேர்வழி. வான்கோமைசினுக்கு அந்த டெஸ்ட் பல ஊர்ல உண்டு. மெரோபெனத்துக்குப் பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் கிடையாது. அங்கெல்லாம் மெஷின் நேத்து எத்தனை மணி நேரம் ஓடுச்சுன்னு நச்சரிக்கிற ஒரு ஃபார்மசிஸ்ட் இருந்தாலே பெரிய விஷயம்.

ஒருநாள் காலையில, யூரின் பையில் 200 மில்லி சேர்ந்திருக்குன்னு நர்ஸ் சார்ட்டில் எழுதுவாங்க. டாக்டர் முகத்துல சிரிப்பு. ஃபார்மசிஸ்ட் மட்டும் கால்குலேட்டரைத் தேடுவார்... கணக்கு மறுபடி முதல்லேர்ந்து!