அறுக்கப் பணம் உண்டு, ஆற்றப் பணம் இல்லையா?

மகாராஷ்டிரத்தில் பீட் என்று ஒரு ஜில்லா. மழை பொய்த்த பூமி. வருஷந்தோறும் அங்கிருந்து ஏழை ஜனங்கள் கூட்டம் கூட்டமாகக் கரும்பு வெட்டக் கிளம்புகிறார்கள். புருஷனும் பெண்சாதியும் சேர்ந்தால் ஒரு ‘கொய்தா’. கொய்தா என்றால் அரிவாள். மனிதர் இருவர், கங்காணியின் கணக்கிலோ ஓர் அரிவாள்! முன்பணம் கொடுத்து இழுத்துப் போகிற கங்காணி, ஒருநாள் வேலை தவறினால் அபராதம் போடுகிறான். நாளுக்கு 500 ரூபாய் பிடித்ததாக 2019-ல் பத்திரிகைகள் எழுதின.

வயல்காட்டில் கக்கூஸ் இல்லை; கழுவத் தண்ணீர் இல்லை. மாதவிலக்கு என்றாலும் ஓய்வு இல்லை. நோய் வந்து டாக்டரிடம் போனால், “கர்ப்பப்பையை எடுத்துவிடு, இல்லாவிட்டால் புற்றுநோய்” என்ற பயமுறுத்தல். 2019-ல் நீலம் கோரே தலைமையில் மாநில சர்க்கார் அமைத்த குழுவின் விசாரணையில், 82,309 கரும்புத் தொழிலாளிப் பெண்களில் 13,861 பேர் கர்ப்பப்பை எடுக்கப்பட்டவர்கள் என்று தெரிய வந்தது. நூற்றுக்குப் பதினாறு பேருக்கும் மேல்!

இந்த அநியாயத்தை நாடு பேசியது. தேவையற்ற இத்தகைய ஆபரேஷன்களைத் தடுக்கும் விதிகளை எல்லா மாநிலங்களும் ஏற்க வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட் 2023 ஏப்ரல் 5-ல் உத்தரவிட்டது. நல்லது. வரவேற்கிறோம். ஆனால் ஏற்கெனவே அறுபட்ட பெண்ணின் கதி என்ன? தேவையாகவே ஆபரேஷன் செய்துகொண்ட பெண்ணுக்கும் பிற்பாடு என்ன வழி? இதுதான் எங்கள் கேள்வி.

தோழர்களே, சங்கதியை வெட்கமின்றிப் பேசுவோம். முன் இடுப்பெலும்பிலிருந்து முதுகுத்தண்டின் வால் நுனிவரை, தூளி கட்டியதுபோல் தசைகள் இருக்கின்றன. மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது அந்தத் தூளிதான். இடுப்புத் தளத் தசைகள் என்பார்கள். கர்ப்பப்பையை எடுக்கும்போது அதைப் பிடித்திருந்த நார்களும் அறுபடுகின்றன. உள்காயம் ஆற ஆறு வாரமாவது வேண்டும். அதுவரை பாரம் தூக்கக் கூடாது. பத்தாம் நாளே கரும்புக் கட்டைத் தலையில் ஏற்றினால் என்ன ஆகும்? இருமினால் மூத்திரம் கசியும், அடியில் ஏதோ இறங்குவதுபோல் பாரம் இழுக்கும், இடுப்பு நோகும். அந்தப் பெண் யாரிடமும் சொல்லமாட்டாள். துணியை மடித்து வைத்துக்கொண்டு வேலைக்குப் போவாள்.

இதற்குப் பரிகாரம் உண்டு. அது விலையுயர்ந்த மருந்தும் அல்ல, பயிற்சி. டாக்டர் அனுமதித்த பிறகு, மூத்திரக் குழாயை எடுத்த பிறகு தொடங்கவேண்டும். மூத்திரத்தையும் காற்றையும் அடக்குவதுபோல் உள்ளே இறுக்கி, சில விநாடி நிறுத்தி, முழுக்கத் தளர்த்த வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. வேளைக்கு எட்டுத் தடவை, நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். இருமும்போதும் குடத்தைத் தூக்கும்போதும் முன்கூட்டியே இறுக்கிக்கொள்ள வேண்டும். அமெரிக்க டாக்டர் ஆர்னால்ட் கெகல் இந்தப் பயிற்சியைப் பற்றி 1948-லேயே எழுதிவிட்டார்.

ஆனால் ஒரு துண்டுக் காகிதத்தைக் கையில் கொடுத்து அனுப்பினால் போதாது. பல பெண்கள் அந்தத் தசைக்குப் பதிலாக வயிற்றையும் தொடையையும் இறுக்குவார்கள். சிலருக்குத் தசை தளர்ந்திராது. வலியால் இறுகிப் போயிருக்கும். அவர்களுக்கு வேண்டியது தளர்த்தும் பயிற்சி. மேலும் இறுக்கினால் வலி கூடும். ஆகவே தேர்ந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பார்த்துச் சொல்லித்தர வேண்டும். பட்டணத்துச் சீமாட்டி காசு கொடுத்து இதைப் பெறுகிறாள். கூலிக்காரிக்கு யார் சொல்லித் தருவது?

சர்க்காரின் கணக்கைப் பாருங்கள். 2018-ல் வந்த ஆயுஷ்மான் பாரத் காப்பீடு, ஆஸ்பத்திரியை விட்டு வந்தபின் 15 நாள் செலவைத்தான் ஏற்கிறது. காயம் ஆற ஆறு வாரம், பயிற்சிக்கு மூன்று மாதம். காப்பீட்டுக்கோ பதினைந்தே நாள்! கத்தி வைக்கிற தனியார் ஆஸ்பத்திரிக்குப் பணம் உண்டு. கத்தி பட்ட பெண் நிமிர்ந்து நடக்கப் பணம் இல்லை.

விடுப்பு? 1961-ம் வருஷ மகப்பேறு சட்டம் பெண்ணின் கருத்தடை ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் கூலியுடன் விடுப்பு எழுதியது. கர்ப்பப்பையையே எடுத்தால் எத்தனை நாள்? அந்தச் சட்டமும் சொல்லவில்லை. அதை விழுங்கிய 2020 தொகுப்புச் சட்டமும் சொல்லவில்லை. சர்க்காருக்குத் தெரியாதா? தெரியும்! ஆந்திர சர்க்கார் தன் பெண் ஊழியர்களுக்கு இந்த ஆபரேஷனுக்கென 45 நாள் சிறப்பு விடுப்பு என்று 2011-ல் உத்தரவு போட்டது. ஆபீஸ் நாற்காலியில் உட்கார 45 நாள் தேவையென்றால், களத்துமேட்டில் குனிந்து நிமிர எத்தனை நாள் தேவை?

“ஏழை நாட்டில் இதெல்லாம் நடக்குமா?” என்பார்கள். யுத்தத்தில் சின்னாபின்னமான பிரான்சில் 1945-ல் சமூகப் பாதுகாப்பு முறை பிறந்தது. அதை நாடெங்கும் நிறுவிய தொழில் மந்திரி, உலோகத் தொழிலாளியாயிருந்த கம்யூனிஸ்ட் ஆம்புருவாஸ் குருவாசா. இன்று அந்தக் காப்பீடு, பிரசவித்த பெண்களுக்கு இந்தத் தசைப் பயிற்சியின் செலவை ஏற்கிறது. தமிழ்நாட்டிலேயே, 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பிசியோதெரபியை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோக முடியும் என்று காட்டியது. ஆகவே முடியாது என்ற பேச்சு செல்லாது.

“இது பொம்பிளை சமாசாரம், சங்கத்தில் எதற்கு?” என்று கேட்கும் தோழர்களுக்கும் சொல்கிறோம்: பஞ்சு மில்லில் விரல் போனால் சங்கம் நஷ்டஈடு கேட்கிறது. உழைக்கும் பெண்ணின் இடுப்பு போனால் மட்டும் வாய்மூடி இருப்பதா?

நாம் கோருவது இவை. கர்ப்பப்பை எடுத்த ஒவ்வொரு பெண்ணுக்கும் மூன்று மாதப் பயிற்சி காப்பீட்டிலேயே சேர வேண்டும். தாலுகா ஆஸ்பத்திரிதோறும் இதில் பயிற்சி பெற்ற பெண் பிசியோதெரபிஸ்ட் வேண்டும். விவசாயத் தொழிலாளிக்கு ஆறு வாரக் கூலியை சர்க்கார் கொடுக்க வேண்டும்.

மில் தொழிலாளிச் சகோதரிகளே! சந்தா நிபந்தனை பூர்த்தியாகியிருந்தால் இ.எஸ்.ஐ.யில் வருஷத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதக் கூலி நோய்க்கால உதவியாக உண்டு. டாக்டர் சான்று வாங்குங்கள். மேஸ்திரி மிரட்டுகிறான் என்று பத்தாம் நாள் ராட்டுக்குப் போகாதீர்கள், சங்கத்துக்கு வாருங்கள். வயலில் உழைக்கும் சகோதரிகளுக்கு அந்தச் சான்றும் இல்லை, அந்தக் கூலியும் இல்லை. அதை வாங்கித் தரும் போராட்டத்தில் மில்லும் வயலும் ஒன்றாக நிற்கட்டும்!